நொடித்தவரின் கணக்கேடு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன். புகழனைத்தும் அவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

கடனைப் பற்றி எத்தனையோ உரைகளைக் கேட்டிருப்பீர்கள். கடன் வாங்காதீர்கள் என்று அறிவுறுத்தும் உரைகள் அவற்றுள் அதிகம். ஆனால் வாங்கிய கடனைத் தீர்க்க இயலாமல் ஏற்கனவே நொடித்துப் போய்விட்ட ஒரு சகோதரர் என்ன செய்வது? அவருக்கு மார்க்கம் காட்டும் வழி யாது? அவ்வழியின் முதலாவது படியைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றேன். அப்படி கண்ணீரும் அல்ல, தலைமறைவும் அல்ல. தன் கடன்களையும் உடைமைகளையும் ஒன்றும் விடாமல் எழுதி, அவற்றுக்குரிய பத்திரங்களைத் திரட்டி, உரியவர் முன்னிலையில் வைப்பதே அப்படியாகும்.

இது சட்டத்தரணிகள் பேச வேண்டிய விடயமல்லவா, மிம்பரில் நிற்பவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்பதை அவர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியோடு எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பல் கொள்ளாதிருக்குமாறும் அல்லாஹுத்தஆலா அங்கு ஏவுகின்றான்.

அவ்வசனத்தில் பலரும் கவனியாது கடந்து செல்லும் ஓர் இடம் உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்லும் பொறுப்பை அல்லாஹ் யாரிடம் ஒப்படைத்தான்? கடன் கொடுத்தவரிடமா? இல்லை. எவர் மீது கடன் உள்ளதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்று பணித்தான். அவர் தன் இரட்சகனாகிய அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும், அதில் எதனையும் குறைத்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்தான். கடன்பட்டவரின் வாய்தான் பத்திரத்தின் ஊற்று. அவர் குறைத்தால் பத்திரமும் குறையும். அவர் உண்மை சொன்னால் பத்திரமும் உண்மை சொல்லும். கடன் வாங்கும் நாளில் இருந்த இப்பொறுப்பு, கடனைத் தீர்க்க முடியாமற்போகும் நாளில் பன்மடங்காகின்றது.

அன்பின் சகோதரர்களே! நொடித்துப் போதல் எம் சமூகத்துக்குத் தூரத்துச் செய்தியன்று. வியாபாரம் எமது பாரம்பரியம். ஆகவே வியாபாரத்தின் வீழ்ச்சியும் எம் வாசலுக்கு வரும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தாக்குதல்களுக்குப் பின்னர் வாடிக்கையாளரை இழந்த கடைகள் எத்தனை! 2020இல் கொரோனா முடக்கத்தில் பூட்டப்பட்டு, மீண்டும் திறக்கப்படாத கதவுகள் எத்தனை! 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது பழைய விலைக்கு விற்றுவிட்டு, புதிய விலைக்குச் சரக்கு எடுக்க வழியின்றித் திகைத்தோர் எத்தனை பேர்! அவ்வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி எமது நாடே தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. பின்னர் சலுகை பெறுவதற்கு அது என்ன செய்ய வேண்டியிருந்தது? யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கை மேசை மீது வைக்க வேண்டியிருந்தது. நாட்டுக்கே அதுதான் வழியென்றால், ஒரு தனிமனிதருக்கு வேறு வழி ஏது?

ஆனால் நடப்பது என்ன? கடிதங்கள் வந்து குவிகின்றன. உறையைப் பிரிக்காமலேயே அவற்றை அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைக்கின்றோம். தொலைபேசி ஒலித்தால் பிள்ளையின் கையில் கொடுத்து, வாப்பா வீட்டில் இல்லையென்று சொல்லச் சொல்கின்றோம். வட்டிக்கு வாங்கிய ஒரு கடனை அடைக்க இன்னொன்றை வாங்குகின்றோம். பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாவல் தேடி நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலே பிரார்த்திப்பார்கள். கடனை விட்டு இவ்வளவு அதிகமாகப் பாதுகாவல் தேடுகின்றீர்களே என ஒருவர் வினவியபோது, மனிதன் கடன்பட்டால் பேச்சில் பொய்யும் வாக்கில் மாறுதலும் வந்துவிடுகின்றன என்ற கருத்தில் விளக்கம் தந்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பிள்ளையின் நாவினால் சொல்லப்பட்ட அந்தப் பொய் இந்த நோயின் அறிகுறியே. திறக்கப்படாத அந்த உறைகளைத் திறப்பதுதான் இதற்கு மருந்து.

இஸ்லாம் கடனைச் செலுத்தாத இருவரை வேறுபடுத்திப் பார்க்கின்றது. ஒருவர் வசதியிருந்தும் இழுத்தடிப்பவர். அவரது இழுத்தடிப்பு அநீதி என நபியவர்கள் தெளிவாகத் தீர்ப்பளித்தார்கள். மற்றவர் உண்மையிலேயே வழியற்றவர். அரபியில் முஃசிர் எனப்படுபவர். அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு அல்பகரா 280ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. விட்டுக்கொடுத்துத் தர்மமாக்கிவிடுவது அதனினும் மேல் என்கின்றது. இருவரும் கடை வாசலில் நின்று, கையில் பணமில்லை என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்கின்றனர். அவர்களுள் அநியாயக்காரர் யார், அவகாசத்துக்கு உரியவர் யார் என்று எவ்வாறு பிரித்தறிவது? நாவு போதாது, ஆதாரம் வேண்டும்.

இதனாற்றான் எமது ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் என்னும் கிரந்தத்தில் ஒரு சட்டத்தைத் தெளிவுபடுத்துகின்றார்கள். பொருளை வாங்கியதால் அல்லது பணத்தைக் கடனாகப் பெற்றதால் ஏற்பட்ட கடனில் ஒருவர் தன்னிடம் வழியில்லை என வாதிட்டால், அதற்கு அவர் அத்தாட்சி கொண்டுவர வேண்டும். ஏனெனில் அவர் கைக்கு ஒரு பெறுமதி வந்தது நிச்சயம். அது எங்கே போனது என்பதைக் காட்டுவது அவரது கடமை. சாட்சி சொல்பவரும் அவரது அந்தரங்க நிலவரத்தை நன்கறிந்தவராக இருக்க வேண்டும். அவ்வாறு நிரூபணமாகிவிட்டால், அவரைச் சிறைவைக்கவும் கூடாது, பின்தொடர்ந்து நெருக்கவும் கூடாது. அவகாசம் அவரது உரிமையாகிவிடும். எனவே பத்திரங்களைத் திரட்டுவது அவருக்கு எதிரான காரியமன்று. அவரைக் காக்கும் காரியம். அன்று அந்தரங்கமறிந்த அயலவரின் சாட்சி செய்த வேலையின் பெரும்பகுதியை இன்று வங்கிக் கூற்றும் பற்றுச்சீட்டும் செய்கின்றன.

நபியவர்களின் காலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஒருவர் பழங்களை விலைக்கு வாங்கினார். அவை அழிவுக்குள்ளாகி, அவரது கடன் பெருகிவிட்டது. அவருக்குத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களைப் பணித்தார்கள். மக்கள் கொடுத்தும் கடன் முழுவதும் தீரவில்லை. அப்போது கடன் கொடுத்தோரை நோக்கி, கிடைப்பதை எடுத்துக்கொள்ளுமாறும் அதற்கு மேல் உங்களுக்கு இல்லையென்றும் கூறினார்கள். அபூ ஸஈத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. கடனின் அளவு தெரிந்தது, இருப்பின் அளவும் தெரிந்தது, பற்றாக்குறை வெளிப்படையாகியது. அதன் பின்னரே அந்த இரக்கமான தீர்ப்பு வந்தது.

கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்தில் ஜுஹைனா கோத்திரத்தைச் சேர்ந்த உஸைபிஃ என்பவர், ஹாஜிகளுக்கு முந்திச் செல்ல வேண்டுமென்பதற்காக வாகனப் பிராணிகளை அதிக விலைக்குக் கடனாக வாங்கி நொடித்துப் போனார். உமர் (ரழி) அவர்கள் மக்களிடையே எழுந்து, அவரிடமிருந்து கடன் வரவேண்டியவர்கள் மறுநாட்காலையில் வருமாறும் அவரது பொருளைப் பங்கிடப் போவதாகவும் அறிவித்தார்கள். இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. இன்று மாவட்ட நீதிமன்றத்தில் கடன் கொடுத்தோருக்கு அறிவித்தல் அனுப்பப்படுவதும் இதே நியாயத்தின்படிதான்.

இலங்கையில் தனிநபரின் நொடிப்புநிலை பற்றிய சட்டத்தின் வேர் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. நீதிமன்றத்தை நாட வேண்டுமா, கடன் கொடுத்தோருடன் பேசி இணக்கம் காண வேண்டுமா, மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டுமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். கட்டணம் செலுத்த வசதியில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. இவற்றுள் எந்த வாசலைத் தட்டினாலும் உங்களிடம் கேட்கப்படும் முதற் கேள்வி ஒன்றே: கணக்கு எங்கே?

இஸ்லாமிய நெஞ்சங்களே! அக்கணக்கை எவ்வாறு தயாரிப்பது? இதற்கும் ஸுன்னாவில் அழகியதொரு வழிகாட்டல் உண்டு. ஜாபிர் (ரழி) அவர்களின் தந்தை உஹுத் களத்தில் ஷஹீதானபோது பெருங்கடனை விட்டுச் சென்றார்கள். கடன் கொடுத்தோர் நெருக்கினர். ஜாபிர் (ரழி) நபியவர்களிடம் முறையிட்டார்கள். நபியவர்கள் முதலில் என்ன சொன்னார்கள்? பேரீச்சம்பழங்களை இனம் இனமாகப் பிரித்து, அஜ்வாவைத் தனியாகவும் ஏனைய இனங்களைத் தனித்தனியாகவும் வைத்துவிட்டுத் தம்மை அழைக்குமாறு பணித்தார்கள். பின்னர் வந்தமர்ந்து அளந்து கொடுக்கச் செய்தார்கள். கடன் தீர்ந்தது, பழமோ குறையாதது போன்றே இருந்தது. பரக்கத் அல்லாஹ்விடமிருந்து வந்தது. ஆனால் அது வருமுன் பிரித்து ஒழுங்குபடுத்தும் வேலை ஜாபிரின் கைகளுக்குக் கொடுக்கப்பட்டது. நீங்களும் உங்கள் பத்திரங்களை ஐந்து கட்டுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது கட்டு, நீங்கள் கொடுக்க வேண்டியவை. வங்கிக் கடன் ஒப்பந்தங்கள், லீசிங் பத்திரங்கள், அடகுச் சீட்டுக்கள், மொத்த வியாபாரிகளின் சிட்டைகள், கொடுத்து வைத்த பிந்திய திகதிக் காசோலைகளின் அடிக்கட்டைகள், வாடகை நிலுவை, மின்சார, நீர்ப் பட்டியல்கள், வரி அறிவித்தல்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் எங்கெங்கு என்னென்ன கடன் உள்ளது என்பது மறந்திருந்தால், இலங்கைக் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். மக்கள் கிரிப் அறிக்கை என்பது இதனையே. காசோலைகளை ஒருபோதும் மறைக்க வேண்டாம். கணக்கில் பணமில்லையென அறிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். சட்டத்தரணிக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வட்டிக் கடன்களை எழுதும்போது முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று வெவ்வேறாக எழுதுங்கள். வட்டியில் வீழ்ந்ததற்காக அல்லாஹ்விடம் தௌபாச் செய்வது ஒரு கடமை. கையொப்பமிட்ட பத்திரத்தை நீதிமன்றத்துக்கு மறைக்காதிருப்பது இன்னொரு கடமை. ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை விட்டுவிட முடியாது.

இரண்டாவது கட்டு, உங்களிடம் இருப்பவை. காணி உறுதி, வாகனப் பதிவுப் புத்தகம், சேமிப்புக் கணக்கு மற்றும் நடைமுறைக் கணக்குகளின் கூற்றுக்கள், கடையிலுள்ள சரக்கின் பட்டியல், தளபாடம், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி மீதிகள், காப்புறுதிப் பத்திரங்கள். கடை பூட்டிக் கிடந்தாலும் உள்ளிருக்கும் சரக்கை எண்ணி எழுதுங்கள்.

மூன்றாவது கட்டு, உங்களுக்கு வரவேண்டியவை. கடைக் கடன் கொப்பியை எடுங்கள். ஊரில் யார் யார் சாமான் வாங்கிப் பணம் தரவில்லை என்பது அதில் இருக்கும். கட்டி முடித்தும் இன்னும் கைக்கு வராத சீட்டுப் பணம், திருப்பித் தரப்படாத முற்பணம், நண்பருக்குக் கொடுத்த கைமாற்று ஆகியனவும் உங்கள் சொத்தே. அவையும் கடன் கொடுத்தோரின் பங்குக்கு வர வேண்டியவை.

நான்காவது கட்டு, உங்கள் கையிலிருந்தும் உங்களுக்குச் சொந்தமல்லாதவை. விற்றுத் தருமாறு ஒப்படைக்கப்பட்ட சரக்கு, பிறர் வைக்கச் சொன்ன பணம், பள்ளிவாசல் நிதி, அநாதைப் பிள்ளைகளின் சேமிப்பு ஆகியன அமானிதங்கள். அவற்றை உங்கள் சொத்துப் பட்டியலில் சேர்த்தால் ஒருவரின் பொருளால் இன்னொருவரின் கடனை அடைத்தவராவீர்கள். விலை கொடுபடாத சரக்கு அப்படியே மாறாமல் இருந்தால், நொடித்தவரிடம் தன் பொருளை அப்படியே கண்டுகொண்டவர் மற்றெவரையும் விட அதற்கு உரித்துடையவர் என்ற ஹதீஸ் இங்கு நோக்கத்தக்கது. அபூ ஹுரைரா (ரழி) வழியாக புகாரியும் முஸ்லிமும் இதனைப் பதிவு செய்துள்ளனர். எந்தப் பெட்டி யாரிடமிருந்து வந்தது என்பதைச் சிட்டை இல்லாமல் எவ்வாறு அறிவது?

ஐந்தாவது கட்டு, உங்கள் மாதாந்த வரவும் செலவும். சம்பளச் சிட்டை, அன்றாட விற்பனைக் கொப்பி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணம், அரிசி, மருந்து, பாடசாலைச் செலவு. மின்ஹாஜின் சட்டப்படி பங்கீடு முடியும்வரை அவருக்கும் அவர் பராமரிக்கக் கடமைப்பட்டோருக்கும் செலவு கொடுக்கப்படும். தகுந்த உடையும் விடப்படும். குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, அதுவும் விற்கப்படும் என்பதே எமது மத்ஹபின் சரியான கருத்து. ஹன்பலி மத்ஹபிலோ அவருக்கு இன்றியமையாத வீடு விடப்படுகின்றது. பிள்ளையின் உணவுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அதை மறைத்துப் பெற வேண்டியதில்லை, எழுதிக் கேட்கலாம்.

பத்திரங்கள் தொலைந்து போயிருந்தால்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கரையோரத்து வீடுகளின் உறுதிகளும் கொப்பிகளும் அதனோடு போயின. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் எத்தனையோ குடும்பங்கள் அலுமாரியையே இழந்தன. பத்திரம் போனால் உரிமை போய்விடாது. உறுதியின் பதிவு விபரத்தைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். பழைய கூற்றுக்களை வங்கிக்கு எழுதிக் கேட்கலாம். தொலைந்தமை பற்றிப் பொலிஸில் முறைப்பாடு பதியலாம். நினைவிலுள்ளதைச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் இல்லாத பத்திரத்தைப் புதிதாக எழுதிப் பழைய திகதி இடுவதும், காணாததைக் கண்டதாகச் சாட்சிக் கையொப்பம் வாங்குவதும் ஹராம். நொடித்துப் போதல் பாவமல்ல. பொய்ச்சாட்சியோ பெரும் பாவம்.

சகோதர சகோதரிகளே! இப்போது மிகவும் கவனமாக நோக்க வேண்டிய இடத்துக்கு வருகின்றோம். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒருவரின் கடன் 20 இலட்சம் ரூபா; விற்றுத் தேறியது 6 இலட்சம் ரூபா. ரூபாவுக்கு 30 சதம் வீதம் கொடுக்கலாம். 10 இலட்சம் கொடுத்தவருக்கு 3 இலட்சம். 6 இலட்சம் கொடுத்தவருக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். 4 இலட்சம் கொடுத்தவருக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். எல்லோருக்கும் நட்டமே, எனினும் அது நீதியான நட்டம். இனி, அந்த 4 இலட்சம் பட்டியலில் எழுதப்படவில்லை என வைத்துக்கொள்வோம். மற்ற இருவருக்கும் ரூபாவுக்கு 37 சதத்துக்கு மேல் கிடைத்துவிடும். விடுபட்டவருக்கு ஒரு சதமும் இல்லை.

அவ்வாறு விடுபடுபவர் யார்? வங்கி விடுபடாது, அதனிடம் பத்திரமும் சட்டத்தரணியும் உண்டு. லீசிங் நிறுவனம் விடுபடாது. விடுபடுபவர், மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்ததை உங்கள் முகத்துக்காக எழுத்தின்றித் தந்த அயல்வீட்டு விதவை. மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து அனுப்பிய பணத்தை உங்களிடம் கொடுத்து வைத்த சகோதரி. மூன்று மாதச் சம்பளத்தைப் பொறுத்துக்கொண்ட கடைப் பையன். இவர்களிடம் பற்றுச்சீட்டு இல்லை. இவ்வுலகில் இவர்களுக்குள்ள ஒரே பத்திரம், நீங்கள் உங்கள் கையால் எழுதும் அந்தப் பட்டியல்தான். கடன்பட்டவரே வாசகம் சொல்லட்டும், எதனையும் குறைக்க வேண்டாம் என்ற இறைகட்டளையின் ஆழம் இங்கேதான் புலப்படுகின்றது. பத்திரம் உள்ளவரின் உரிமையைப் பத்திரம் காக்கும். பத்திரம் இல்லாதவரின் உரிமையைக் காப்பது உங்கள் தக்வா ஒன்றே.

அவ்வாறு மறக்கப்படும் இன்னொருவர் உங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கின்றார். அவர்தான் உங்கள் மனைவி. கொடுபடாத மஹர் ஒரு கடன். நிக்காஹின்போது பெற்ற கைக்கூலியையும் மனைவி திருப்பிக் கோருவதற்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இடமளிக்கின்றது. அவரது தாலிக்கொடியையும் காப்பையும் வாங்கி அடகு வைத்திருந்தால், அந்த நகை உங்கள் சொத்தன்று. அது அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது. அடகுச் சீட்டு உங்கள் பெயரில் இருப்பதால் உண்மை மாறிவிடாது. இவற்றையும் எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு தந்திரமும் எம்மிடையே உண்டு. கடன் நெருக்கும்போது அவசர அவசரமாகக் கடையை மைத்துனரின் பெயருக்கும், வாகனத்தை மகனின் பெயருக்கும், வளவை மனைவியின் பெயருக்கும் மாற்றுகின்றனர். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தல் கிழக்கு மாகாணத்தில் நெடுங்கால வழமை. கடன் வருமுன் உண்மையாகவே கொடுத்த வீடு அவளுடையதுதான். அதற்குரிய உறுதியைக் காட்டுங்கள். ஆனால் கடன் கொடுத்தோருக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட உறுதியை என்னவென்பது? நீதிபதியின் தடை வருமுன் செய்த அன்பளிப்பு செல்லுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உரிமையாளரை ஏமாற்றும் நோக்கம் பாவம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எமது நாட்டு நீதிமன்றங்களிலும் அத்தகைய கைமாற்றத்தைச் செல்லுபடியற்றதாக்கக் கோர வழியுண்டு. ஆதலால் அண்மைய ஆண்டுகளில் உங்கள் கையைவிட்டுப் போன சொத்துக்களையும் திகதியோடு எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்பின் நெஞ்சங்களே! நீதிமன்றம் விடுவித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? நாட்டுச் சட்டம் ஒருவரைத் தொல்லையிலிருந்து விடுவிக்கலாம். மார்க்கத்திலோ, கொடுபடாது எஞ்சிய கடன் உரியவர் மன்னிக்கும்வரை அல்லது செலுத்தப்படும்வரை பொறுப்பில் நிற்கும். ஷஹீதின் பாவங்கள் அனைத்தும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என நபியவர்கள் கூறியதை முஸ்லிம் பதிவு செய்துள்ளார். ஆகவே அந்தப் பட்டியலைக் கிழித்தெறிய வேண்டாம். பிரதியொன்றை உங்கள் வஸிய்யத்துடன் வையுங்கள். மூத்த பிள்ளைக்கும் மனைவிக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பொருளைக் கொண்டு வருவர். அது தொலைந்துவிடுமோ என அஞ்சி, அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும் என்பார்கள். ஜமல் யுத்தத்தன்று தம் கடனைத் தீர்க்குமாறு மகன் அப்துல்லாஹ்விடம் வஸிய்யத் செய்தார்கள். மகன் கணக்கிட்டபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. சொத்தோ காணிகளும் வீடுகளுமே: மதீனாவில் பதினொரு வீடுகள், பஸ்ராவில் இரண்டு, கூபாவில் ஒன்று, மிஸ்ரில் ஒன்று. அப்துல்லாஹ் (ரழி) சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்தார்கள். வாரிசுகள் பங்கு கேட்டபோது மறுத்து, நான்கு வருடங்கள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடமிருந்து கடன் வரவேண்டியவர்கள் வரலாம் என அறிவித்தார்கள். அதன் பின்னரே பங்கிட்டார்கள். கடன் கொடுத்தவர் தேடி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தாமே தேடி அழைத்தார்கள்.

கடன் கொடுத்த சகோதரர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு தன் முழுக் கணக்கையும் உங்கள் முன் விரித்து வைத்தால், அதைச் சந்தியிலும் முகநூலிலும் பரப்பாதீர்கள். சிரமப்படுபவருக்கு அவகாசம் அளித்தவருக்கு அல்லது கடனைத் தள்ளுபடி செய்தவருக்கு அல்லாஹ் தன் நிழலில் இடமளிப்பான் என்ற நற்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உண்மை சொன்னவரை இழிவுபடுத்தினால், அடுத்தவர் உண்மை சொல்ல அஞ்சுவார். அப்போது நட்டமடைவது நீங்களே.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! பைத்துஸ் ஸகாத் பொறுப்பாளர்களே! ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தாருள் கடன்பட்டோரும் உள்ளனர் என அத்தௌபா 60ஆம் வசனம் கூறுகின்றது. கடனாளியெனக் கூறி வருபவரிடம் ஆதாரம் கேட்க வேண்டும் என்பதும் மின்ஹாஜின் சட்டமே. கபீஸா (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் விளக்கிய ஹதீஸில், வறுமையுற்றவருக்கு அவரது சமூகத்தைச் சேர்ந்த விவேகமுள்ள மூவர் சாட்சி கூறும்போது கேட்பது ஆகுமாகும் என வந்துள்ளது. ஆதாரம் கேளுங்கள், ஆனால் குற்றவாளியை விசாரிப்பது போல் கேட்காதீர்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கணக்கியல் படித்த இளைஞர் இருவரை மாதத்தில் ஒருநாள் பள்ளிவாசலில் அமர்த்தி, கடன்பட்டோரின் கணக்கைத் தயாரிக்க உதவச் செய்தால் அதுவும் ஓர் இபாதத்தே. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்று 282ஆம் வசனம் அவர்களையும்தான் அழைக்கின்றது.

இறுதியாக ஒன்று. முஃப்லிஸ், அதாவது நொடித்தவர் யாரென்று நபியவர்கள் ஒருமுறை தோழர்களிடம் வினவினார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என அவர்கள் பதிலளித்தனர். நபியவர்களோ, தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமைக்கு வந்து, ஒருவரைத் திட்டி, ஒருவரின் பொருளை உண்டு, ஒருவரை அடித்ததற்காகத் தன் நன்மைகளையெல்லாம் உரியவர்களுக்குப் பறிகொடுத்து, ஈற்றில் அவர்களின் பாவங்களையும் சுமந்து நரகில் வீழ்பவனே தம் உம்மத்தின் முஃப்லிஸ் என விளக்கினார்கள். அங்கும் கணக்கு எழுதப்பட்டிருக்கும். ஆனால் எழுதியவர் நாமாக இருக்கமாட்டோம். திருத்தவும் முடியாது. இங்கே பட்டியலை எழுதும் பேனை இன்னும் உங்கள் கையில் இருக்கின்றது.

இன்று இஷாவுக்குப் பின் அந்த உறைகளை எடுத்துப் பிரியுங்கள். மனைவியை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு புதிய கொப்பியின் முதற்பக்கத்தில், பத்திரம் இல்லாதவரின் பெயரை முதலில் எழுதுங்கள். பத்திரம் உள்ளவர்களின் பெயர்கள் தாமாகவே வந்து சேரும்.

யா அல்லாஹ்! கடன்பட்டோரின் கடன்களைத் தீர்க்க வழிசெய்வாயாக! உண்மையை எழுதும் துணிவை அவர்களுக்கும், பொறுத்துக்கொள்ளும் உள்ளத்தைக் கடன் கொடுத்தோருக்கும் தருவாயாக! உலகில் நொடித்தாலும் மறுமையில் நொடிக்காத கூட்டத்தில் எம்மைச் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.